ஆப்தவாக்கியமும் கீழாநெல்லியும்

இந்தப் பக்கங்களில் ‘அனுபவம்’ என்ற சொல்லை நாம் கடைசிக் கோர்ட் மாதிரி உபயோகித்து வந்திருக்கிறோம். கவிதையைப் பொறுத்தவரை இதில் தவறில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். ஒருவன் தன் அனுபவத்துக்கு உண்மையாக இருந்துவிட்டால் அதற்குமேல் அவனிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அதே அனுபவத்தை அவன் இன்னொருவனுக்கு மருந்தாகச் சிபாரிசு செய்யும்போது நிலைமை வேறு.

2007-ல் எனக்கு மஞ்சள் காமாலை. அம்மா கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்தாள். உப்பில்லாப் பத்தியம். மூன்றாவது வாரம் கண் வெளுத்துவிட்டது. இதைவிடப் பிரத்யட்சமாக ஒன்று இருக்க முடியுமா? அதற்குப் பிறகு காமாலை என்று யார் வாயைத் திறந்தாலும் கீழாநெல்லி என்று சொல்லிவந்தேன். எனக்கு வந்தது ‘ஏ’ வகை வைரஸ் என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே இருந்தது. அந்த வகை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடுவது. வெறும் மோரைக் குடித்திருந்தாலும் கண் வெளுத்திருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். (கீழாநெல்லியால் ஒரு நாளாவது முன்னதாக வெளுத்ததா என்று என் ஒரு உடம்பை வைத்துக்கொண்டு சொல்ல வழியில்லை. அதைக் குடிக்காத நான் என்று ஒருவன் கிடையாதே.)

நியாய சாஸ்திரத்தில் சப்தமும் ஒரு பிரமாணம். ஆனால் அது ஆப்தனுடைய சொல்லாக இருக்கவேண்டும். ஆப்தன் விஷயத்தை நேரில் அறிந்தவனாகவும், அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல விரும்புகிறவனாகவும் இருக்கவேண்டும் என்கிறது வாத்ஸ்யாயனரின் பாஷ்யம். இரண்டாவது என்னிடம் தாராளமாக இருந்தது. முதலாவது? நான் கண்டது மோரையும் வெளுத்த கண்ணையும்தான். நடுவில் இருந்ததாகச் சொன்ன காரியகாரண உறவை நான் காணவில்லை. அது அனுமானம், அதுவும் மட்டமான அனுமானம். அதைப் பிரத்யட்சம் என்று பெயர் மாற்றி விநியோகித்திருக்கிறேன்.

2015-ல் ஒரு ரத்ததான முகாமில், என் பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவருக்கு ‘பி’ வகை வைரஸ் இருப்பது தெரியவந்தது. இது வேறு விவகாரம். குழந்தைப் பருவத்தில் தொற்றினால் பெரும்பாலும் உடம்பைவிட்டுப் போவதில்லை. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து சிலருக்கு ஈரல் சுருங்கும், சிலருக்குப் புற்றாகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். நான் கீழாநெல்லி சொன்னேன். அவர் தயங்கினார். அப்போது நான் செய்ததுதான் இன்னமும் உறுத்துகிறது. விஞ்ஞானத்தையே துணைக்குக் கூப்பிட்டேன். 1988-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் வந்த சென்னை ஆய்வு அது. தியாகராஜன் குழுவினர் செய்தது. இந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்கும் அதில் உண்டு. முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்துவிட்டது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. இதற்குமேல் என்ன வேண்டும் சார் என்றேன்.

அந்த ஆய்வை நான் இன்றும் கேலி செய்யமாட்டேன். அம்மாவும் நானும் செய்யாத ஒன்றை, மருந்து சாப்பிடாதவனையும் எண்ணிப் பார்ப்பதை, அவர்கள் செய்தார்கள். அங்கேயே நின்றுவிட்டது என் தப்பு. 1990-களில் தாய்லாந்திலும் பம்பாயிலும் நியூஸிலாந்திலும் செய்து பார்த்தபோது வைரஸ் போகவில்லை. 2011-ல் காக்ரேன் அமைப்பு 16 சோதனைகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, போலி மருந்தைவிட இது மேல் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றது. நான் அவரிடம் பேசியபோது இதெல்லாம் அச்சிலேயே இருந்தது. நான் தேடவில்லை. வேண்டிய மேற்கோள் கிடைத்ததும் புஸ்தகத்தை மூடிவிடுவது விமர்சனத்திலும் நமக்குப் பழக்கம்தான்.

பச்சிலைமேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைத் தூ யூயூ தேடியெடுக்கப் பழைய சீன ஏடு ஒன்று வழிகாட்டியது. எங்கே தேடுவது என்றுதான் ஏடு சொல்லிற்று. குணமாகிறது என்பதைச் சொன்னது நோயாளிகளிடம் செய்த சோதனை.

அவர் டாக்டரிடம் போவதை நிறுத்தினார். மூன்று வருஷத்தில் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. 2019-ல் இறந்துபோனார். வைரஸை அடக்கிவைக்கும் மாத்திரைகள் உண்டு. போயிருந்தால் பிழைத்திருப்பாரா? டாக்டரிடம் போன அவர் என்றும் ஒருவர் கிடையாது. ஆகவே நான்தான் கொன்றேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு ஆதாரமில்லை. கிளிஃபோர்ட் 1877-ல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறான். ஓட்டைக் கப்பலை நல்ல கப்பல் என்று மனதார நம்பிக் கடலுக்கு அனுப்புகிறான். கப்பல் பத்திரமாகத் திரும்பிவந்தாலும் அவன் குற்றம் குறையாது என்கிறார் கிளிஃபோர்ட். பி.ஏ. வகுப்பில் இது எனக்கு அதீதமாகப் பட்டது.

பத்தாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “தம்பி, நீங்க சொன்ன மருந்தாலதான் அவர் இத்தனை நாளாவது இருந்தார்” என்றாள். நான் மறுக்கவில்லை. அந்த இடத்தில் லான்செட்டும் காக்ரேனும் பேசுவது குரூரம் என்று அப்போது தோன்றிற்று. இப்போது அவள் தெருவில் காமாலை கண்டவர்களுக்கெல்லாம் கீழாநெல்லி சிபாரிசு செய்வதாகவும், பாங்கில் வேலை பார்க்கும் படித்த பையன் சொன்னது என்று சேர்த்துச் சொல்வதாகவும் கேள்வி.