கொடுத்தவர் பெயரும் ஓடியவர் பெயரும்

மதுரையில் ஓடிப் பழகுகிறவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஊரைவிட்டு எந்தப் பக்கம் போய் வண்டியை நிறுத்தினாலும், கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஒரு சமணர் குன்று நிற்கும். மேற்கே தேனி சாலைப் பக்கம் கீழக்குயில்குடி, கொங்கர்புளியங்குளம். தெற்கே திருப்பரங்குன்றம். வடக்கே அழகர்மலை. வடகிழக்கே யானைமலை, அதையும் தாண்டினால் மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள். ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் இந்தப் பக்கங்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வேகத்தில் கடைசி வரிசை.

எனக்குப் பிடித்தது அரிட்டாபட்டியிலிருந்து மீனாட்சிபுரம் போகும் வழி. இரண்டு ஊர்களையும் சேர்த்து 193 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தை, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. கண்மாய்க் கரை, கொஞ்சம் செம்மண் பாதை, கொஞ்சம் தார், பிறகு மொட்டைப் பாறை. கருவேல முள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஷூவையும் மதிக்காது. பாறை இடுக்குகளில் வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. பார்ப்பதற்காகத் தலையைத் தூக்கினால் கால் இடறும். அதனால் ஓடுகிறவன் அவற்றின் நிழலைத்தான் தரையில் பார்க்கிறான்.

இந்தப் பாதையின் இரண்டு முனைகளிலும் எழுத்து இருக்கிறது. அரிட்டாபட்டிக் குகையின் நெற்றியில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. மீனாட்சிபுரம் ஓவாமலையில், மாங்குளம் கல்வெட்டுகள் என்று பேர்பெற்றவை. தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கல்வெட்டுகளில் அவையும் சேரும். சுமார் 2,200 ஆண்டுப் பழமை. 1882-ல் ராபர்ட் சீவெல் அவற்றைப் பார்த்துப் பதிவு செய்தார். எழுத்தின் வடிவம் பிராமி என்று தெரிந்தாலும் மொழி எது என்று பிடிபடவில்லை. அது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ல் எடுத்துக் காட்டினார். அதுவரை அடிவாரத்தில் ஆடு மேய்த்தவர்கள் தங்கள் சொந்த மொழியின் அடியிலேயே வெயிலுக்கு ஒதுங்கியிருக்கிறார்கள்.

அப்படி என்ன எழுதியிருக்கிறது? தத்துவம் எதுவும் இல்லை. கணிநந்தாசிரியன் என்ற துறவிக்காக, நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பணியாளான கடலன் வழுதி பள்ளி அமைத்துக் கொடுத்தான். அரசனின் உறவினன் ஒருவன் கொடுத்தான். நிகமம் என்ற வெள்ளறை ஊர் வணிகர் குழு கொடுத்தது. அழகர்மலைக்குப் போனால் பட்டியல் இன்னும் நீள்கிறது: உப்பு விற்றவன், துணி விற்றவன், கொழு விற்றவன், மதுரைப் பொற்கொல்லன். இன்னார், இந்த ஊர், இந்தத் தொழில், இதைக் கொடுத்தார். அவ்வளவுதான். நம் ஊர்க் கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரி.

வாங்கிக்கொண்டவர்களோ நடையாய் நடப்பவர்கள். சமணத் துறவி ஓரிடத்தில் நிலையாகத் தங்கக்கூடாது; வாகனம் ஏறக்கூடாது. மழைக்காலத்தில் புல் பூண்டும் புழுவும் காலில் மிதிபடும் என்பதால் அந்த மாதங்களில் மட்டும் ஒரே இடத்தில் தங்குவார்கள். அதற்குத்தான் இந்தக் குகைகள். பாறையைச் செதுக்கி வழவழப்பாக்கி, தலைமாட்டைச் சற்றே உயர்த்திய படுக்கைகள். மழைத்தண்ணீர் உள்ளே வழியாமலிருக்கக் குகையின் நெற்றியில் ஒரு காடி. பெயர்கள் பெரும்பாலும் அந்தக் காடியை ஒட்டியோ படுக்கையின் ஓரத்திலோதான் இருக்கின்றன. உப்பு வணிகனும் வண்டியோடு நடந்தவன்தான். நடந்து பிழைத்தவன், நடந்தே வாழ்ந்தவனுக்குப் படுக்க இடம் செய்து கொடுத்திருக்கிறான்.

என் கைக்கடிகாரமும் எழுதுகிறது. ஓட்டம் முடிந்ததும் நான் போன பாதை ஆரஞ்சு நிறக் கோடாகக் கைப்பேசியில் வந்துவிடும். தூரம், நேரம், ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம், இதயத் துடிப்பு, ஏறிய உயரம். ஸ்ட்ராவா என்ற செயலியில் அதைப் போட்டால் தெரிந்தவர்கள் கட்டைவிரல் காட்டுவார்கள். ஒரு குறிப்பிட்ட மேட்டை மற்றவர்களைவிட வேகமாக ஏறியவர் தலையில் ஒரு கிரீடம் வைப்பார்கள். உலகம் முழுக்க ஓடியவர்களின் கோடுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2017-ல் அந்த நிறுவனம் ஒரு வரைபடம் வெளியிட்டது. சில மாதங்களில், ஆள் நடமாட்டமில்லாத பாலைவனங்களில் வெளிச்ச வளையங்கள் தெரிவதைச் சிலர் கவனித்தார்கள். ராணுவ முகாம்களைச் சுற்றி உடற்பயிற்சிக்காக ஓடிய சிப்பாய்களின் கால் தடம் அது. ரகசிய இடத்தில் இருக்கிறவனுக்குக்கூட, தான் ஓடியது எங்காவது பதிவாக வேண்டியிருக்கிறது.

அந்த ஆசையைப் பற்றித்தான் இந்தக் குன்றுகளின் அடியில் ஓடும்போதெல்லாம் யோசிக்கிறேன். மூச்சு வாங்கும்போது யோசனை கொஞ்சம் கொச்சையாகத்தான் வரும், அதனால் பாதகமில்லை. பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை உப்பு வணிகனுக்கும் இருந்திருக்கிறது. இல்லையென்றால் கல் வெட்டும் ஆளை அழைத்துக் கூலி கொடுத்து எழுதச் சொல்லியிருக்க மாட்டான். ஆக, அவன் பெருந்தன்மைக்காரன், நான் தற்பெருமைக்காரன் என்று பிரித்துவிட முடியாது. ஆனால் மொய் நோட்டில் பெயர் இருக்கும், தொகை இருக்கும். அந்த வீட்டுக்கு எத்தனை நிமிடத்தில் வந்து சேர்ந்தார் என்று இருக்காது. அவன் எழுதியது தன்னிடமிருந்து போனதை. நான் எழுதுவது எனக்குள் சேர்ந்ததை.

மூன்றாவது வகை எழுத்து ஒன்றும் உண்டு. கீழக்குயில்குடியில் அய்யனார் கோயிலையும் தாமரைக் குளத்தையும் தாண்டிப் படியேறினால் பேச்சிப்பள்ளம். வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து. அவற்றில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார். அச்சணந்தி என்ற புகழ்பெற்ற துறவியின் தாயார். மகன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவன். அம்மாவோ அவன் போன வழியிலேயே வந்து, ஒரு திருமேனியைச் செய்யச் சொல்லித் தன் பெயரோடு மகன் பெயரையும் சேர்த்து வைத்திருக்கிறாள். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கோ இதே மாதிரிக் குன்றுகளில், ஆணியால் கீறியும் பெயிண்டால் எழுதியும் காதலர் பெயர்கள், இதயக் குறி, ஊர்ப்பெயர், தேதி. தொல்லியல் துறை அறிவிப்புப் பலகையையும் விட்டுவைப்பதில்லை. பார்த்தால் எரிச்சலாகத்தான் வருகிறது. பழைய எழுத்தின் மேலேயே கீறுவதற்கு மன்னிப்பே கிடையாது. அது ஒருபுறம் இருக்கட்டும். கீறிய பையனும் குறைந்தபட்சம் இன்னொருத்தியின் பெயரைப் பக்கத்தில் சேர்த்திருக்கிறான். என் ஆரஞ்சுக் கோட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை.

அரிட்டாபட்டிப் பாதையில் ஆடு மேய்க்கும் ஒரு பாட்டி எங்களை அடிக்கடி பார்ப்பார். முதலில் சிரித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் நிறுத்தியே கேட்டுவிட்டார்: "ஏந்தம்பி, வேர்த்து விறுவிறுத்துப் போறீக, போன கையோட திரும்பி வாரீக. அங்கிட்டு உங்களுக்கு ஒரு சோலியும் இல்லையா?"

இல்லைதான். சர்க்கரை, கொழுப்பு என்று ஆரம்பித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவர் கேட்டது அதையல்ல. இந்தப் பாதையில் இதுவரை போனவர்கள் எல்லோருக்கும் அந்த முனையில் ஏதோ ஒரு வேலை இருந்திருக்கிறது. சந்தை, வயல், குகை, கோயில். இந்த நிலத்தையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் திரண்டு மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த நடையின் வேகத்தை யார் அளந்தார்கள்? ஆனால் நான் இன்றைக்கும் அங்கே ஓட முடிவதற்கு அந்த நடையும் ஒரு காரணம். தங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்கு இடத்தை விட்டுவைத்துப் போவது என்றால், படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் வரிசையில் இவர்களையும்தான் சேர்க்க வேண்டும். இவர்கள் பெயரை எந்தப் பாறையிலும் எழுதவில்லை.

இதையெல்லாம் என்னோடு ஓடும் நண்பரிடம் சொன்னேன். வங்கியில் வேலை. என்னைவிட நல்ல ஓட்டக்காரர், யோசனையில் சிக்கனக்காரர். "அண்ணே, அந்தக் கணக்கு இல்லாட்டி நான் மூணாவது நாளே போர்வையை இழுத்துப் போத்திப் படுத்திருப்பேன்," என்றார். அது உண்மை. எண்ணைக் காட்டித்தான் பலர் உடம்பை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பதிவையே விட்டுவிடச் சொல்லும் சந்நியாசம் எனக்கு நம்பிக்கையானதும் அல்ல. எதையும் எழுதி வைக்காமல் ஓடுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவதும் ஒரு கிரீடம்தான்.

ஆனால் அதே நண்பர் செய்கிற இன்னொரு வேலை இருக்கிறது. பெரிய ஓட்டங்களில் பேசர் என்று ஒருவர் இருப்பார். இத்தனை நேரத்தில் முடிப்பேன் என்று கொடி பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓடுவார். மற்றவர்கள் அவர் பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். அவர் தனக்காக ஓடவில்லை. தன் வேகத்தை அடக்கி, இன்னொருவர் வேகத்துக்குத் தன் காலைக் கொடுக்கிறார். இதில் வேகத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பதுதான் கஷ்டம். முழங்கால் வேறு முனகும். எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் யாருக்கும் நண்பர் இதைச் செய்வார். போன மாதம், பிரசவத்துக்குப் பிறகு ஓட ஆரம்பித்திருக்கும் ஒரு பெண்ணுக்காக மீனாட்சிபுரம் வழியில் நின்று நின்று போனார். ஓவாமலை அடிவாரத்தில் அந்தப் பெண் போதும் என்று உட்கார்ந்துவிட, அவரும் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை நீட்டி, கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி தப்பு. நான் குறுக்கிடவில்லை.

அன்றைய கோடும் அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. இந்த வருடத்திலேயே அவருடைய மிக மோசமான நேரம். கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: "என்னாச்சு சார், உடம்பு சரியில்லையா?"