ஒருநாள் பேராசிரியர்கள்

2025 ஜூன் கடைசியில் மத்தியப் புலனாய்வுத் துறை பதிவு செய்த வழக்கைப் படித்தவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிந்திருக்காது. மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆய்வுக் குழு வரும் தேதி முன்கூட்டியே கசிந்ததாம். ஆளில்லாத துறைகளில் பேருக்குப் பேராசிரியர்கள் அமர்த்தப்பட்டார்களாம். காலிக் கட்டில்களில் பொய் நோயாளிகளாம். வருகைப் பதிவுக் கருவியை ஏமாற்றச் செயற்கை விரல்கள்கூடத் தயாராயினவாம். சத்தீஸ்கரில் ஆய்வுக்குப் போன மருத்துவர்கள் ரூ.55 லட்சம் லஞ்சப் புகாரில் கைதானார்கள். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆய்வு நாளில் கல்லூரியை ஜோடிப்பது விதிமீறலா, அறக்கேடா என்பதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. அது அறக்கேடுதான்.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கால்களில் நிறுத்துகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். போலி ஆய்வில் முதல் இரண்டு கால்களுமே வாடகைக்கு வந்தவை. நன்னூல் செய்த பவணந்தி, ஆசிரியராகத் தகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமை சொன்னார். வகுப்புக்கே வராத ஆசிரியருக்கு உவமை தேடும் அவசியம் பாவம் அவருக்கு நேரவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டோ, கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவர் உறவினரையும் ஊர்ச்சபை வாரியத்திலிருந்து விலக்கியது.

திருமுக்கூடலில் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து கட்டில் கொண்ட ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, அது விவரிக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர் என ஒவ்வொருவருக்கும் உரிய நெல்லளவு வரை கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

ஆய்வு என்றால் என்ன என்று தொழிற்சாலையைக் கேட்கலாம். திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் எந்த ஆலையிலும் கிரேனை ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதித்தாக வேண்டும் என்று வைத்தது 1948 தொழிற்சாலைச் சட்டம். சங்கிலியைப் பார்க்காமலே சான்றிதழ் எழுதினால் அது யார் தலையில் விழும் என்று அங்கே தலையில் ஹெல்மெட் போட்ட எவரும் சொல்வார். நைட் ஷிப்டில் பிரஸ்ஸில் கை நசுங்கியவனை ஆட்டோவில் தூக்கி வருகிறார்கள். அவன் முன் நிற்கும் இளம் மருத்துவர் காலி வார்டில் படித்தவரா என்று அவனால் கேட்க முடியுமா? செவிலியர் படிப்புக்கும் இயன்முறை மருத்துவத்துக்கும் இதே கேள்விதான்.

இப்படிப்பட்ட கல்லூரியை மூடினால் பிள்ளைகள் கதி என்ன என்பார்கள். நியாயம்தான். இதே திருவள்ளூர் மாவட்டத்துக் குன்னவலத்தில் 2010-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரிக்கு அடுத்தடுத்து அனுமதி புதுப்பிக்கப்படாமல் போக, மாணவர்கள் போராட்டம், வழக்கு என்று அலைந்தார்கள். அதனால்தான் கண்டிப்பு முதல் செங்கல்லிலேயே வேண்டும். அனுமதி கொடுத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் காட்டும் கண்டிப்பு பிள்ளைகள் தலையில்தான் விடியும்.

2025 மே முதல் பேராசிரியர்கள் கைபேசிச் செயலியில் முகத்தைக் காட்டி வருகை பதிகிறார்கள். முகம் பதிந்தவர் பாடம் எடுத்தாரா என்பது செயலிக்குத் தெரியாது. ஆய்வுக் குழு காலை பத்து மணிக்கு வராமல் இரவு இரண்டு மணிக்குக் கேஷுவாலிட்டிக்குள் நுழைந்து, கேஸ் ஷீட்டில் இருப்பது யார் கையெழுத்து என்று பார்க்கட்டும். அந்த ஆட்டோ வந்து நிற்பதும் அந்த நேரத்தில்தான்.