பழுது பார்த்தல்

இயந்திரத்தைச் சரிசெய்வதைத் தமிழில் பழுது பார்த்தல் என்கிறோம். பழுது நீக்குதல் என்று பேச்சில் யாரும் சொல்வதில்லை. வேலையின் பெரும்பகுதி பார்ப்பதுதான் என்பது இந்த வழக்கை உண்டாக்கியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிய ஐந்து மாதம் ஆயிற்று.

எண்ணூரில் என் வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தேன். பிரிட்டிஷ் சீகல். இங்கிலாந்தில் டார்செட் பகுதியிலுள்ள பூல் என்ற ஊரில் செய்தது. அதன் உற்பத்தி 1996ல் நின்றுபோயிற்று. என்னுடையது 1960களைச் சேர்ந்தது. காயலான் கடையில் எடைக்கு வாங்கியது. ஒரே சிலிண்டர். மேலே பிளைவீலில் கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்ப வேண்டும். புரொப்பல்லர் ஒரு ஸ்பிரிங் வழியாகத்தான் சுழலும். கல்லில் மோதினால் அடியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். இவ்வளவு நாணயமான இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. மறைக்க அதனிடம் எதுவுமில்லை.

தண்ணீர் ஓடும் வழியெல்லாம் உப்பு பாறையாக இறுகியிருந்தது. துருவேறிய ஸ்டட்டுகளுக்கு எண்ணெய் விட்டு வாரக்கணக்கில் காத்திருந்தேன். கரி சுரண்டினேன். ரிங் மாற்றினேன். மாக்னெட்டோவின் பாயிண்டுகளைத் தேய்த்துப் பொறி வரவழைத்தேன். எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: செய்தவன் வைக்காத எதையும் நான் வைப்பதில்லை. பழஞ்சுவடியைப் பதிப்பிப்பவனின் மனோபாவம் இது. ஏடெழுதியவன் பிழையைக் களையலாம். ஆசிரியன் எழுதியதில் கைவைக்கக் கூடாது. இதில் ஒரு தார்மீகத் திருப்தி இருந்தது. பிறன் வேலைக்கு விசுவாசமாக இருக்கிறேன் என்ற திருப்தி.

மோட்டார் தயாரானதும் பெட்ரோல் கலந்தேன். இந்த மாடலுக்கு 10 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய். உள்ளே சாதாரண வெண்கல புஷ்கள். எண்ணெய்க்குத் தனி அறை கிடையாது. பெட்ரோலோடு போகும் எண்ணெயே உயவு. போன எண்ணெய் திரும்புவதில்லை. கொஞ்சம் எரிந்து புகையாகும்; மிச்சம் புகைக்குழாய் வழியே தண்ணீருக்குள் இறங்கும். புதுக் கலவையிலும் ஒரு பகுதி எரியாமலே வெளியேறும். டூ ஸ்ட்ரோக்கின் சுபாவம் அது. கீழே கியர் பாக்ஸிலும் எண்ணெய் கசியும், தண்ணீர் புகும். இவை பழுதுகள் அல்ல. அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

பின்கட்டில் பீப்பாய் நிறையத் தண்ணீர் வைத்து, மோட்டாரை அதில் இறக்கி மாட்டி, கயிற்றை இழுத்தேன். ஆறாவது இழுப்பில் பிடித்தது. ஐந்து நிமிஷம் ஓடவிட்டேன். அந்த ஐந்து நிமிஷம் என் வாழ்வின் நல்ல பொழுதுகளில் ஒன்று என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு நிறுத்திவிட்டுப் பீப்பாயைப் பார்த்தேன். கறுத்த நுரை. அதன்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம்.

அடுத்த வீட்டுப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். கடலுக்குப் போகிறவன். மோட்டாரை மெச்சினான். பிறகு, "இந்தத் தண்ணிய எங்கண்ணா ஊத்துவ?" என்றான்.

கேலியாகக் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, அதைப் படகிலிருந்து கையால் அள்ளியவர்களில் அவனும் ஒருவன். அந்தக் கழியில் பெண்கள் தண்ணீரில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறார்கள். அந்த டிசம்பரில் எனக்கு வந்த கோபம் உண்மையானது. இந்தப் பீப்பாயும் உண்மையானது.

அளவு வேறு என்று சொல்லிக்கொள்ளலாம். வேறுதான். யார் எவ்வளவு பொறுப்பு என்பதை அளவு சொல்லும்; நான் செய்வது எப்படிப்பட்ட காரியம் என்பதைச் சொல்லாது. பையனின் மோட்டாரும்தான் புகைகிறது என்றும் சொல்லலாம். அவன் வலைக்குப் போகிறான். நான் என் விசுவாசத்தை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

சுவடி உவமை இங்கேதான் உடைகிறது. ஆசிரியன் பிழையை அப்படியே அச்சிட்டால் வாசகன் முகம் சுளிப்பான், அவ்வளவுதான். இயந்திரத்தை அதன் ஆதி நிலைக்குக் கொண்டுவந்தால் அதன் ஆதிக் குற்றத்தையும் உயிர்ப்பிக்கிறேன். செய்தவர்கள் 1960களில் அதை அறியாமல் செய்திருக்கலாம். நான் அறிந்து செய்கிறேன். ஆகவே அது இப்போது அவர்களுடையதல்ல, என்னுடையது. உப்பையும் கரியையும் துருவையும் பழுதென்று பார்த்தேன். காலம் செய்ததை மட்டும். தேயாத பழுது ஒன்று உள்ளே இருந்தது. நான் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தேனோ அவ்வளவு நன்றாக அது வேலை செய்தது.

காயலான் கடைக்கே திருப்பிக் கொடுப்பது விடையல்ல. நன்றாகச் செய்த ஒரு பொருளை உருக்கிவிட்டுக் கைகழுவுவது எனக்குச் சுத்தமாகப் படவில்லை. கார்புரேட்டர் ஊசியை மாற்றினால் 25க்கு 1 கலவையில் ஓட்டலாம். பிற்காலத்தில் கம்பெனியே அந்தக் கலவைக்கு வந்தது. ஊசியை வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டினால் என் விதி போயிற்று, போகட்டும். ஆனால் 25ல் ஒன்றும் தண்ணீரில்தான் விழும். குறைத்துக்கொண்டேன் என்று சொல்லலாம், தீர்த்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

கழியில் ஓட்டியிருந்தால் இந்த யோசனை எதுவும் வந்திருக்காது. படலம் பின்னால் தங்கிவிடும், படகு முன்னால் போய்விடும். பீப்பாய் நகரவில்லை.

இன்னும் பின்கட்டில் இருக்கிறது, பலகை போட்டு மூடியிருக்கிறேன். வெயிலில் தண்ணீர் குறைந்துகொண்டு வருகிறது. எண்ணெய் குறையவில்லை.