சுவைக்குப் புள்ளி போடலாமா?

மதுவைப் பற்றிய கட்டுரை இந்தப் பத்திரிகையில் எதற்கு என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுத்தருள வேண்டும். குடிக்கலாமா கூடாதா என்பதல்ல இங்கே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒருவர் ஸ்கொச் விஸ்கியில் ஒரு மிடறு பருகுகிறார், சற்று யோசிக்கிறார், பின்பு "இதற்கு நூற்றுக்கு 93" என்று புத்தகத்தில் அச்சிட்டு விடுகிறார். அவர் சொன்னது உண்மையா, பொய்யா, அல்லது இரண்டுமல்லாத வெறும் வாய்ச்சொல்லா? இதுவே கேள்வி. சிறிதாகத் தோன்றினாலும், பிள்ளையின் கட்டுரைக்குச் சிவப்பு மையால் புள்ளியிடும் ஆசிரியர் முதல், பிறரை எடைபோட்டுப் பேசும் நாம் எல்லோரும் அகப்படுகின்ற கேள்வி இது.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். ஸ்கொத்லாந்தின் அரச கணக்கேட்டில், மன்னன் நான்காம் ஜேம்ஸின் ஆணைப்படி 'உயிர்நீர்' வடிப்பதற்காக ஜோன் கோர் என்ற துறவிக்கு முளைகட்டிய வாற்கோதுமை கொடுக்கப்பட்டதாக 1494ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று உண்டு. அந்நாட்டில் இப்பானம் பற்றிக் கிடைக்கும் முதல் எழுத்துச் சான்று அதுவே. உயிர்நீர் என்று பொருள்படும் கேலிக் மொழித் தொடரின் முதற்பாதி தேய்ந்துதான் விஸ்கி ஆயிற்று. முதற்பாதிக்கு 'நீர்' என்று மட்டுமே பொருள். உயிர் பிற்பாதியோடு போய்விட்டது. இன்றைய சட்டப்படி, ஸ்கொத்லாந்து மண்ணிலேயே ஓக் மரப் பீப்பாவில் மூன்று ஆண்டுகளாவது கிடந்தால்தான் அது ஸ்கொச். ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டு சதவீதம் மரத்தினூடே ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடும். அதைத் 'தேவதூதரின் பங்கு' என்று வடிசாலைக்காரர் சொல்லுவர். ஒரே நாளில் ஒரே கொதிகலத்தில் வடித்ததை இரண்டு பீப்பாக்களில் ஊற்றி வைத்தாலும், செரி மது இருந்த பீப்பாவில் ஒரு சுவையும், அமெரிக்க போர்பன் இருந்த பீப்பாவில் வேறொரு சுவையும் பிறக்கும்.

இதைச் சுவைப்பவரின் தொழில் நாம் நினைப்பது போன்றதன்று. வாய் குறுகிய சிறு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, முதலில் மூக்கைத்தான் வேலைக்கு விடுகிறார். பல பீப்பாக்களைக் கலந்து ஒரு பெயரில் விற்கும் கலவை வல்லுநர்கள் பெரும்பாலும் நாவில் வைப்பதேயில்லை. தண்ணீர் சேர்த்து வலுவைப் பாதியாக்கி முகர்ந்தே முடிவு செய்கிறார்கள். நாவில் வைப்பவரும் பலவற்றை அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியிருந்தால் துப்பிவிடுகிறார். கொழும்பு ஏலத்துக்கு வரும் தேயிலையைச் 'சர்' என்று உறிஞ்சி உமிழ்ந்துவிட்டு அடுத்த கோப்பைக்குப் போகும் சுவைஞர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். குடிகாரனால் இத்தொழிலைச் செய்ய முடியாது. மூன்றாவது கிண்ணத்தில் அவன் நாக்கு மரத்துப் போய்விடும்.

முகர்ந்ததைச் சொல்லச் சொற்கள் வேண்டுமே. ஐலா என்ற தீவிலே, சதுப்பு நிலத்தில் நூற்றாண்டுகளாக மக்கி இறுகிய 'பீற்' என்னும் மண்ணை வெட்டி உலர்த்தி எரித்து, அந்தப் புகையில் வாற்கோதுமையைக் காய வைக்கிறார்கள். அங்கே பிறக்கும் லஃப்ரோயிக் விஸ்கியைச் சிலர் அயடீன் மணக்கிறது என்கிறார்கள். சிலர் கடற்பாசி என்கிறார்கள். சிலர் ஆஸ்பத்திரி என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறார்கள். ஸ்பே ஆற்றுப் பக்கத்து விஸ்கிகளில் ஆப்பிளும் தேனும் கிறிஸ்மஸ் கேக்கும் தேடுவார்கள். கிறிஸ்மஸ் கேக்கை உண்டறியாதவனுக்கு அந்தச் சொல்லால் என்ன பயன்?

இந்த இடத்தில்தான் எண் உள்ளே நுழைகிறது. பியர் பற்றிய எழுத்துகளால் முதலில் பேர்பெற்ற ஆங்கிலேயர் மைக்கல் ஜக்சன் (பாடகரல்லர், அதே பெயருடைய வேறொருவர், 2007இல் காலமானார்) 1989இல் வெளியிட்ட மோல்ட் விஸ்கிக் கைநூலில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியிட்டார். பின்னர் ஜிம் மரே என்பவர் தமது ஆண்டுநூலில் மணத்துக்கு 25, சுவைக்கு 25, விழுங்கிய பின் நிற்கும் சுவைக்கு 25, இவற்றின் இசைவுக்கு 25 என்று வகுத்து, அரைப் புள்ளி வரை கணக்கிட்டார். 2014இன் இறுதியில் வெளிவந்த அவரது நூல், ஜப்பானின் யமசாக்கி விஸ்கி ஒன்றுக்கு 97.5 புள்ளி கொடுத்து அதை உலகில் முதலாவதாக வைத்தது. அந்த ஆண்டின் முதல் ஐந்து இடங்களில் ஸ்கொத்லாந்து இல்லை. ஜப்பானியப் போத்தலின் விலை பன்மடங்காக ஏறியது. ஒரு மனிதரின் நாக்கில் நேர்ந்தது கடைத்தெருவையே அசைத்துவிட்டது.

"அவரவர் நாக்கு அவரவருக்கு; இதில் சரி பிழை ஏது?" என்று நீங்கள் கேட்பீர்கள். இக்கேள்விக்கு ஒரு ஸ்கொத்லாந்துக்காரரே பதில் தேடியிருக்கிறார். எடின்பரோவிற் பிறந்த மெய்யியலாளர் டேவிட் ஹியூம், 1757இல் சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையிலே, செர்வான்டெஸின் 'டொன் கிஹோட்டே' கதையிலிருந்து ஒரு சம்பவத்தை எடுத்தாளுகிறார். சாஞ்சோவின் உறவினர் இருவரிடம் பழைய திராட்சை இரசப் பீப்பா ஒன்றைச் சுவைத்துச் சொல்லும்படி கேட்கிறார்கள். ஒருவர் "நல்ல இரசம்தான், ஆனால் சற்றே தோல் வாடை" என்கிறார். மற்றவர் "நல்ல இரசம்தான், ஆனால் சற்றே இரும்புச் சுவை" என்கிறார். கூடியிருந்தோர் இருவரையும் பார்த்துச் சிரிக்கிறார்கள். பீப்பா வெறுமையானபோது அடியிலே கிடந்தது, தோல்வாரில் கட்டிய பழைய திறப்பு ஒன்று!

இக்கதை எனக்கு மிகவும் பிடித்தது. இருவரும் ஒத்துப் போகவில்லை. ஆனாலும் இருவரும் சரி. சிரித்தவர்கள்தாம் பிழை. ஆகவே சுவை முழுவதும் நாக்கின் கற்பனையன்று. பீப்பாவின் அடியில் ஏதோ ஒன்று இருக்கவே செய்கிறது. பயிற்சியும், பலவற்றை ஒப்பிட்ட பழக்கமும், முற்சாய்வற்ற மனமும் உடையவனே நடுவனாக இருக்கத் தகுந்தவன் என்கிறார் ஹியூம். இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த இருவரும் புள்ளி போடவில்லை. தோல் என்றார்கள், இரும்பு என்றார்கள். பீப்பா வெறுமையானதும் அதைச் சரிபார்க்க முடிந்தது. "நூற்றுக்கு 88" என்று சொல்லியிருந்தால், எந்தத் திறப்பு கிடைத்து அவர்களை மெய்ப்பித்திருக்கும்?

எண்ணின் மீது எமக்குள்ள ஐயம் வீணானதன்று. கலிபோர்னியாவில் திராட்சை இரசப் போட்டியொன்றின் நடுவர்களை ரொபேட் ஹொட்ஜ்சன் என்பவர் சோதித்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே போத்தலிலிருந்து ஊற்றிய இரசத்தை, மற்றவற்றோடு கலந்து, ஒரே நடுவருக்கு மூன்று முறை கொடுத்தார்கள். கொடுத்த புள்ளியை ஏறத்தாழ ஒத்த வகையிலே திரும்பக் கொடுத்தவர்கள் பத்தில் ஒருவரளவே. ஏனையோரின் புள்ளி நான்கு கூடியும் நான்கு குறைந்தும் ஆடியது. பிரான்சின் போர்தோ நகரில் 2001இல் வெளியான ஆய்வொன்றில், வெள்ளை இரசத்துக்குச் சிவப்பு நிறமூட்டிக் கொடுத்தபோது, அத்துறை மாணவர்கள் சிவப்பு இரசத்துக்குரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். விஸ்கிக்கும் கருகிய சீனி நிறமூட்டச் சட்டம் இடமளிக்கிறது. கருமை கண்டதும் முதுமை என்று மனம் நாக்குக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். விலைச் சீட்டும் அப்படியே.

இவர்களெல்லாம் பொய்யர்களா? இல்லை. தாம் உணர்ந்ததையே சொன்னார்கள். பொய் வேறோர் இடத்தில் இருக்கிறது. நான்கு புள்ளி நடுங்கும் கையென்று தெரிந்தும் அரைப் புள்ளி துல்லியம் காட்டுவது, தன்னிடம் இல்லாத அறிவை இருப்பதாகக் காட்டுவதாகும். பெயரைப் பார்த்துவிட்டுச் சுவைப்பவன், தன் நாக்கைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு அதன் வாயைப் பொத்துகிறான். பெயரை மறைத்துச் சுவைப்பதும், பார்த்ததையே தெரியாமல் மீண்டும் வைத்துப் பார்ப்பதும் தொழில் நுட்பம் என்று பலர் நினைக்கிறார்கள். என் எண்ணத்தில் அவை நேர்மையின் பகுதி. தான் ஏமாறக்கூடியவன் என்று ஒப்புக்கொண்டவன்தான் அந்த ஏற்பாட்டைச் செய்வான்.

புள்ளியிடுவோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. உழைத்த பணத்தில் ஒரு போத்தல் வாங்குபவனுக்கு நூறு வருணனைகளைப் படிக்க நேரமில்லை. ஒரே மனிதர் பல ஆண்டுகளாக இடும் எண், "என் நாவுக்கு இது அதைவிட மேல்" என்ற வரிசையையாவது தரும். அவருடைய பலவீனம் எமக்குத் தெரிந்துவிட்டால் அந்த வரிசை பயன்படும். புகை மணத்தில் அவருக்குப் பைத்தியம் என்று அறிந்தவன் அதற்கேற்பக் கழித்துப் பார்ப்பான்.

ஆனால் தீர்ப்புக்குப் பலியாவது போத்தல் மட்டுமன்று. 1980களின் தொடக்கத்தில் ஸ்கொத்லாந்தில் விஸ்கி தேவைக்கு மேல் தேங்கிக் கிடந்தது. ஐலாவின் போட் எலன், வடகிழக்குக் கரையின் புரோரா ஆகிய வடிசாலைகள் 1983இல் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த குடும்பங்களுக்கு என்ன ஆகியிருக்குமென்று சொல்ல வேண்டியதில்லை. அன்று அவற்றின் விஸ்கி கலவைக்குள் மறையும் சரக்கு; வேறு வடிசாலையின் சரக்கு அந்த இடத்தை நிரப்பிவிடும் என்பதே தீர்ப்பு. எஞ்சிய பீப்பாக்கள் இருட்டறையில் கிடந்தன. இருபது முப்பது ஆண்டு கழித்துத் தனித்தனியே போத்தலில் அடைத்தபோது, அதே புள்ளிக்காரர்கள் தொண்ணூறுக்கு மேல் வாரி வழங்கினார்கள். விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. புரோரா 2021இலும் போட் எலன் 2024இலும் மீண்டும் திறக்கப்பட்டன.

1983இல் தீர்ப்பளித்தவர்கள் சுவை அறியாதவர்கள் என்று சொல்வது எளிது, அது நீதியன்று. அவர்கள் முன் இருந்தது இளம் சரக்கு. பின்னாளில் சுவைத்தவர்கள் முன் இருந்தது பல பத்தாண்டு மரத்தோடு பேசிய சரக்கு. கலவைக்குத் தேவையா என்று இவர்கள் கேட்டார்கள். தனியே நின்றால் எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். எதற்காக, எப்போது என்ற இரண்டையும் கழித்துவிட்டு எண்ணை மட்டும் கையில் எடுத்தால், மிஞ்சுவது எதுவுமில்லை.

1926இல் வடித்து, அறுபது ஆண்டு பீப்பாவில் வைத்து, 1986இல் நாற்பதே போத்தல்களில் அடைத்த மெக்கல்லன் விஸ்கியின் ஒரு போத்தல், 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 22 இலட்சம் பவுணுக்குப் போயிற்று. விற்பனைக்கு முன் ஏல நிறுவனத்தின் விஸ்கிப் பொறுப்பாளர் அதிலிருந்து ஒரேயொரு சிறு துளியை நாவில் வைத்துப் பார்த்தார். எப்படி இருந்தது என்று செய்தியாளர்கள் கேட்டபோது, உலர்ந்த பழம் நிறைய, வாசனைச் சரக்கு நிறைய, மரம் நிறைய என்றார்.