மலைக்கள்ளனை மன்னித்தவர் யார்?

சென்ற தீபாவளி விடுமுறையில், நெருளில் எம் இல்லத்தில் அனைவரும் கூடியமர்ந்து ‘மலைக்கள்ளன்’ திரைப்படத்தைக் கண்டோம். ஒன்பது வயதுப் பெயர்த்தி இறுதிவரை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. படம் முடிந்ததும் கேட்டாள்: “தாத்தா, திருடறது தப்புன்னு குறள் சொல்லிக் குடுத்தீங்களே, அப்புறம் இவரு மட்டும் எப்படி நல்லவரு?” ஞாயிறுதோறும் பிடித்து உட்கார்த்திக் குறள் கற்பித்ததன் பயன் இது! அன்று தகுந்த விடை கூற இயலாது நின்றேன். அந்த விடையைத் தேடியதே இக்கட்டுரை.

வள்ளுவர் கள்ளாமையைத் துறவறவியலில் வைத்தார். பிறர் பொருளைக் கவர நினைப்பதே தீது என்றார். அதே தமிழ்நாடுதான் வழிப்பறி செய்து அடியார்க்கு அமுது படைத்த திருமங்கை மன்னனை ஆழ்வாராக வணங்குகிறது. 1920-களில் நெல்லைச் சீமையில் காவல் துறையினர் தேடித் திரிந்த ஜம்புலிங்கத்தை நாட்டுப்புற மக்கள் கதையாக்கிக் கொண்டாடினர். தாராவியில் குடியேறிய குடும்பங்கள் பல அச்சீமையைச் சேர்ந்தவையே. ஆக, நம் நெஞ்சில் இரு தராசுகள் தொங்குகின்றன. எப்போது எதை எடுக்கிறோம் என்பதுதான் வினா.

‘மலைக்கள்ளன்’ நாவலை எழுதியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. 1930-இல் வேதாரணியம் உப்புச் சத்தியாக்கிரகத்திற்கு வழிநடைப் பாட்டுத் தந்த காந்தியடியார். கத்தியில்லாப் போரைப் பாடியவர் கள்ளனை ஏன் தலைவனாக்கினார்? சட்டம் அந்நியன் கையில் இருந்த காலத்தில், சட்டத்தை மீறுவோன் என்பதனாலேயே ஒருவன் தீயவன் ஆகிவிட மாட்டான் என்பதை உப்பெடுத்துச் சிறை சென்ற தலைமுறை நன்கறியும். எனினும் உப்பெடுத்தவர் மறைந்து நின்று எடுக்கவில்லை. தண்டனையை எதிர்பார்த்தே எடுத்தார். மலைக்கள்ளனோ மாறுவேடம் பூணுகிறான். இந்த வேற்றுமையைக் கவிஞர் அறியாதவரல்லர்.

1954-இல் கோவைப் பட்சிராஜா நிறுவனத்தார் இதைப் படமாக்கினர். இயக்கம் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு, உரையாடல் மு. கருணாநிதி, நாயகன் எம். ஜி. ஆர்., நாயகி பானுமதி. காந்தியக் கவிஞரின் கதைக்குத் திராவிட இயக்கத்தவர் நாவும் முகமும் தந்தனர். ஏய்ப்போரை நோக்கிக் கேள்வி தொடுக்கும் டி. எம். சௌந்தரராஜனின் பாடல் கதையை நாட்டு நடப்பாகவே மாற்றிவிட்டது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் என்ற பெருமையும் அதற்குண்டு.

ஏட்டிலிருந்து திரைக்கு வருகையில் நேர்ந்த பெருமாற்றம் உரையாடலில் இல்லை என்பதே என் எண்ணம். நாவல் படிப்பவனுக்குக் கள்ளன் ஒரு பெயர் மட்டுமே. வணிகர் அப்துல் ரகீம் யார், மலைக்கள்ளன் யார் என்று ஐயுற்று, செயலைக் கொண்டே ஆளை எடைபோட வேண்டியவனாகிறான். திரையிலோ தாடிக்குள் இருப்பவர் எம். ஜி. ஆர். என்று கொட்டகைக்கே தெரியும்! குற்றம் விசாரிக்கப்படுமுன்பே மன்னிப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. முகம் தெரிந்தவனுக்கு ஒரு நீதி, தெரியாதவனுக்கு ஒரு நீதி.

முடிவில் அவன் பூங்கோதையின் காணாமற்போன உறவினன் குமாரவீரன் என்று தெரிகிறது. நல்ல குடியில் பிறந்தவன், நம்மவன், ஆகவே மகிழ்கிறோம். இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. 1871-இல் வெள்ளையர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பைக் கொண்டே முழுச் சமூகங்களையும் கள்வர் என்று பதிவேட்டில் ஏற்றியது. நாடு முழுவதும் அது நீங்கியது 1952-இல். படம் வெளிவந்ததற்கு இரண்டே ஆண்டுகள் முன்னர். பதிவேட்டில் கைரேகை வைத்தவன் மகன் கொட்டகையில் அமர்ந்திருந்தால், அந்த முடிவு அவனுக்கு என்ன ஆறுதல் தந்திருக்கும்?

அடுத்த ஆண்டே இக்கதை ‘ஆசாத்’ என்னும் பெயரில் இந்திக்குச் சென்றது. திலீப் குமாரும் மீனா குமாரியும் நடித்தனர். இயக்கியவர் அதே நாயுடு. நம் சாயி, சுப்புலட்சுமி ஆடிய நடனத்தை வடநாடு கொண்டாடியது. மொழி மாறினும் மன்னிப்பு மாறவில்லை.

பம்பாய்த் தமிழருக்கு இவ்வினா மீண்டும் 1987-இல் ‘நாயகன்’ உருவில் வந்தது. மாதுங்கா வரதராஜ முதலியாரின் வாழ்வைத் தழுவியது அப்படம் என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிவசேனை 1966-இல் தோன்றியபின் தென்னிந்தியர் அஞ்சி வாழ்ந்த நாட்களை அறிந்தோர், காக்க ஒருவன் இருந்தால் போதும் என்று எண்ணியதைக் குற்றம் கூற மாட்டேன். நானும் அவ்வாறு எண்ணியவனே. ஆயின் கள்ளச்சாராயம் நுழைந்த வீட்டுப் பெண்டிர் என்ன எண்ணினர் என்று நாம் கேட்டோமா? அப்படத்தில் பேரன் கேட்கும் கேள்விக்குப் பாட்டன் தனக்கே தெரியவில்லை என்கிறான். அவ்வளவில் அது மலைக்கள்ளனைவிட நேர்மையான படம்.

இவற்றையெல்லாம் பெயர்த்தியிடம் எப்படி உரைப்பது? “அவரு ஏழைங்களுக்குக் கொடுத்தாரும்மா” என்று மட்டும் சொன்னேன். சற்று யோசித்தாள். “நம்ம வீட்டுல எடுத்து அவங்களுக்குக் கொடுத்திருந்தா?” என்றாள். அவள் அன்னை அடுக்களையிலிருந்து சிரித்தாள். நான் பேச்சை மாற்றிப் பட்டாசுப் பெட்டியை எடுத்து வரச் சொன்னேன்.