காது கேளாத பெற்றோரும் நம் முகச்சுளிப்பும்



அல்குர்ஆனின் 80வது அத்தியாயத்திற்கு 'அபஸ' என்று பெயர். முகம் சுளித்தார் என்பது பொருள். மக்காவில் குறைஷித் தலைவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் தஃவா செய்துகொண்டிருந்த நேரத்தில், பார்வையற்ற தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து ஏதோ கேட்டார்கள். நபியவர்களின் முகம் சற்றே மாறியது. கவனியுங்கள், அந்த முகமாற்றத்தை அந்தத் தோழர் பார்க்கவே முடியாது. ஆனாலும் அல்லாஹ் அதற்காக வஹீ இறக்கினான்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். வாப்பாவுக்குக் காது மந்தம். மூன்றாவது முறை "என்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை, விடுங்க" என்கிறோம். பெற்றோரை 'சீ' என்றுகூடச் சொல்லக் கூடாது என்று நமக்குத் தெரியும். அந்தச் 'சீ'தான் இப்படி வேறு உருவத்தில் வருகிறது.

கத்துவதும் பணிவிடை அல்ல. வயதானால் பெரும்பாலும் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். கத்தினால் நம் குரலும் கீச்சென்று ஏறும். சத்தம் காதில் விழும், சொல் புரியாது. ஃபேனையும் டிவியையும் நிறுத்துங்கள். நம் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொல்லுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, காது மிஷினில் பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் அந்த மிஷின் பீரோவுக்குள்தான் தூங்குகிறது!

பக்கவாதத்தில் வலது கை, கால் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் போய்விடுகிறது. பேச்சு போனால் அறிவும் போய்விட்டது என்று அர்த்தமல்ல. நாம் சொல்வதில் பெரும்பகுதி அவர்களுக்குப் புரியலாம். நாமோ கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சொத்துப் பங்கு பேசுகிறோம். நஊது பில்லாஹ்! "தண்ணீர் வேணுமா உம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தலையசைக்கும்வரை காத்திருங்கள். பேச முடியாதவரின் தெளிவான சைகையை நிக்காஹ்வுக்கே ஃபிக்ஹ் ஏற்கிறது. அது சோற்றுக்கும் தண்ணீருக்கும் போதாதா?

இன்னொரு விஷயம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று ஆள் தெரியாமல் உளறினால், 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ, உடலில் நீர் குறைந்ததோ, புதிய மருந்தோ காரணமாக இருக்கலாம். ஓதிப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். முகம் கோணி நாக்கு குழறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

அந்த இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பிற்பாடு பிலால் (ரலி) அவர்களைப் போல மதீனாவில் பாங்கு சொன்னார்கள். நபியவர்கள் வெளியூர் சென்றபோது சில தடவை மதீனாவின் பொறுப்பே அவர்களிடம் இருந்தது. உங்கள் வாப்பாவிடம் குடும்ப விஷயத்தில் கடைசியாக யோசனை கேட்டது எப்போது? இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும், எதிரே உட்கார்ந்து ஏதாவது ஒன்றைக் கேளுங்கள்.