சொல்லை உடை, பயம் உடையும்!

ஆகாயகங்கை அருவியில் குளித்துவிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி மேலே வந்தபோது என் முழங்கால் இரண்டும் கெஞ்சின. கொல்லிமலையில் அப்படி ஏறி வருகிறவர்களுக்கென்றே கொதிக்கிறது முடவாட்டுக்கால் கிழங்கு சூப். கடைக்கார அக்கா கிழங்கைக் கத்தியால் சுரண்டினார். பழுப்பு ரோமம் உதிர உதிர உள்ளே சதை தெரிந்தது. மிளகு, சீரகம், சின்ன வெங்காயத்தோடு இடித்துக் கொதிநீரில் போட்டார். பக்கத்தில் அவருடைய மகள். நர்சிங் முதலாமாண்டு. மடியில் தடித்த புத்தகம், கண்ணில் நீர். "பேரெல்லாம் வாயிலயே நுழைய மாட்டேங்குது சார். நமக்கெல்லாம் இது வராது" என்றாள்.

தங்கச்சி, அந்த 'வராது'வை இந்தப் படிக்கட்டிலேயே போட்டுவிட்டு எழுந்திரு!

உன் அம்மா கையிலுள்ள கிழங்கைப் பார். ரோமம் போர்த்தி நீண்டு கிடந்ததைக் கண்டு உன் முன்னோர் 'ஆட்டுக்கால்' என்றார்கள். 1753இல் சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸ் இதே பெரணிச் செடிக்கு 'பாலிபோடியம் குவர்சிஃபோலியம்' என்று பெயர் வைத்தார். கேட்டாலே மிரட்டுகிறதா? உடைத்துப் பார். கிரேக்கத்தில் பாலி என்றால் பல, போடியம் என்பது காலைக் குறிப்பது. பல கால்! இவ்வகைப் பெரணியின் கிழங்கைப் பார்த்த கிரேக்கருக்கும் கால்தான் தெரிந்தது. உன் பாட்டனுக்கும் கால்தான் தெரிந்தது. குவர்சிஃபோலியம் என்றால் ஓக் மர இலை. லின்னேயஸ் தன் ஊர் மரத்தைக் கொண்டு பெயர் சொன்னார். உன் பாட்டன் தன் பட்டி ஆட்டைக் கொண்டு சொன்னான். இதில் யார் உசத்தி, யார் மட்டம்?

இன்னும் உடைப்போம். மருத்துவர் எழுதும் 'டயாபடீஸ் மெல்லிட்டஸ்' என்ன? டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல் உடலைக் கடந்து நீர் ஓடுவதைச் சொல்கிறது. தமிழ் அதையே 'நீரிழிவு' என்றது. இழிதல் என்றால் இறங்கி வழிதல். மெல்லிட்டஸ் என்றால் தேன்போல் இனித்தது. சித்த மருத்துவத்தின் 'மதுமேக'த்திலும் முன்னால் நிற்பது தேன்தான். தேனடையின் வாசம் தெரிந்த மலைப்பிள்ளைக்கா இந்தச் சொல் அந்நியம்?

கேன்சர் என்றால் நண்டு. கட்டியைச் சுற்றிப் பரவிய நாளங்கள் கிரேக்கருக்கு நண்டுக்கால்களாகத் தெரிந்தன. தமிழனோ 'புற்று' என்றான். செல் என்றால் சிற்றறை. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையை நுண்ணோக்கியில் பார்த்து, அடுக்கடுக்கான அறைகளைக் கண்டு வைத்த பெயர். வேக்சின் என்ற சொல்லுக்குள் மாடு நிற்கிறது. லத்தீனில் வாக்கா என்றால் பசு. மாட்டம்மை வந்தவருக்குப் பெரியம்மை வருவதில்லை என்ற பால்காரப் பெண்களின் பேச்சை எட்வர்ட் ஜென்னர் அலட்சியம் செய்யாமல் 1796இல் சோதித்துப் பார்த்தார். மாட்டுக்கொட்டகைப் பேச்சு உலகைக் காத்தது!

நண்டு, தேன், அறை, பசு, கால். இவ்வளவுதான் அந்தச் சொற்பூதங்களின் வயிற்றில் இருப்பது! பெரிய சொல் ஒவ்வொன்றும், தன் கண்ணை நம்பிய ஒருவர் பார்த்ததைச் சொன்ன சொல். உனக்கும் கண் இருக்கிறது. நம்பு!

நம் மொழி மருத்துவத்தைத் தாங்காது என்பவர்களிடம் சாமுவேல் கிரீன் பெயரைச் சொல். அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர். தமிழ் கற்று, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'மனுஷ அங்காதிபாதம்' என்ற உடற்கூற்று நூல் 1872இல் தமிழில் வர வழிசெய்தார். கடல் கடந்து வந்தவர் நம் மொழியால் முடியும் என்று நம்பினார். அதில் பிறந்த நீ நம்ப வேண்டாமா?

காரவள்ளியிலிருந்து ஏறும் பேருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரே திருப்பலில் கடப்பதில்லை. நீயும் ஒவ்வொன்றாய்த் திருப்பு. 'ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' வருகிறதா? ஆஸ்டியோ, எலும்பு. ஆர்த்ர், மூட்டு. ஐட்டிஸ், அழற்சி. முடிந்தது! ஐட்டிஸ் தெரிந்துவிட்டால் டான்சிலைட்டிஸ், ஹெபடைட்டிஸ் எல்லாம் பாதி திறந்த கதவுகள். இன்றே ஒரு நோட்டுப் போடு. இடப்பக்கம் சொல், நடுவில் அதன் துண்டுகள், வலப்பக்கம் உன் ஊர்ப் பேச்சில் பொருள். நாளுக்கு ஐந்து போதும். ஆண்டு முடிவில் ஆயிரத்து எண்ணூறு சொற்களுக்கு மேல் உன் சொத்து!

ஒரு நாள், முழங்காலைப் பிடித்தபடி மலைப்பாட்டி ஒருத்தி மருத்துவமனைக்கு வருவாள். சீட்டில் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதியிருக்கும். அவள் திருதிருவென்று விழிப்பாள். அப்போது அந்தச் சொல்லை அவள் பேச்சில் அவிழ்த்துச் சொல்ல, இரண்டு மொழியும் தெரிந்த ஒருத்தி அங்கே வேண்டும். அந்த நாற்காலி உனக்காகக் காலியாக இருக்கிறது. கண்ணைத் துடை தங்கச்சி. புத்தகத்தைத் திற. முதல் சொல்லை உடை!